நிலை: மிக நன்று

மாட்டுச் சந்தைக் கொட்டகையில்தான் ஏலம்.
டகோட்டாவின் மார்ச் காற்று
தகரத்தின் இடுக்கில் விசிலடிக்கிறது.
வெள்ளிக்கிழமை விற்ற கன்றுகளின் வாடை
இன்னும் போகவில்லை.
பச்சைக் கம்பளி விரித்த மேசைகளில்
வெர்லின் ஸ்ட்ரோடரின் நாற்பத்தொரு துப்பாக்கிகள்
ஒருக்களித்துப் படுத்திருக்கின்றன.

என் வேலை சீட்டு எழுதுவது.
ஆண்டு, தயாரிப்பு, வரிசை எண், நிலை.
விளக்கைச் சாய்த்து
ஒற்றைக் கண்ணால் குழலுக்குள் பார்ப்பேன்,
குண்டு போன வழியில்
பணம் திரும்பி வருமா என்று.

அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார்,
தீவனக் கடையில் இலவசமாய்க் கொடுத்தது.
வாங்கிய தேதி. கொடுத்த காசு.
மூன்றாவது பத்திக்குத் தலைப்பில்லை.
ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும்
அதிலிருந்த எண்ணை அடித்துவிட்டு
அதைவிடப் பெரிதாய் ஒன்றை எழுதியிருக்கிறார்.
முப்பத்தெட்டு ஜனவரிகள்.
ஒருமுறைகூட எண் இளைத்ததில்லை.

ஏல எண் பதினேழு, பழைய வின்செஸ்டர்.
பொறுமையாக, ஒரு குளிர்காலம் முழுக்க
உப்புத்தாள் போட்டுத் தேய்த்து
வார்னிஷ் அடித்து, இரும்புக்கு நீலம் ஏற்றி
மாப்பிள்ளைபோல் ஆக்கி வைத்திருந்தார்.
நான் எழுதினேன்: மெருகு புதிது.
இரண்டே சொல்.
அவர் தேய்த்தது துருவை என்று நினைத்தார்.
பாதி விலையைத் தேய்த்திருந்தார்.

ஏல எண் முப்பது, ஒரு தடவைகூடச் சுடாதது.
கடைக்காரன் கட்டிய காகிதச் சீட்டு
விசையருகே இன்னும் தொங்குகிறது.
சும்மா இருந்ததற்குத்தான் அதற்கு விலை.
வாங்குகிறவனும் சுடமாட்டான்.
சுட்டால் போச்சு.

கேட்க வந்தவர்கள் ஒன்பது பேர்.
இளையவருக்கு அறுபத்தெட்டு.
ஒருவர் மூக்கில் ஆக்சிஜன் குழாய்;
கை தூக்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து தூக்குகிறது.
சனிக்கிழமை மதியக் கொட்டகையில், திரையில்,
குதிரைமேல் போனவன் தோளில் பார்த்ததை
இன்று கையால் தொட்டுப் பார்க்கிறார்கள்.
இவர்களின் பேரன்மார்
கைபேசியில் சுட்டுக்கொள்கிறார்கள்.
எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்:
ஒரு பொருளின் விலை,
சிறுவயதில் அதற்கு ஆசைப்பட்டவர்கள்
உயிரோடு இருக்கும் வரைக்கும்.

ஒருதரம். இரண்டுதரம்.
ஒன்பதாம் எண் அடிமாட்டு விலைக்குப் போனது.
இந்தக் கொட்டகைக்கு அது
பழகிய விலைதான்.

மேல்படியில் ஆர்லெட் ஸ்ட்ரோடர்,
முழங்காலில் பிளாஸ்க், கையில் கால்குலேட்டர்.
"எண்பத்தொன்றில் பக்கத்து நாற்பது ஏக்கர்
விலைக்கு வந்தது" என்றாள், என்னிடம் என்றில்லை.
"நிலத்துக்கு வருஷா வருஷம் வரி,
இரும்புக்கு என்ன வரி என்றார்."
அந்த நாற்பதில் இப்போது
இரண்டு காற்றாலைகள் நிற்கின்றன.
சும்மா சுற்றியே
மாதாமாதம் காசு கொடுக்கின்றன, யாருக்கோ.

மாலை, மொத்தத்தைச் சொன்னேன்.
கமிஷன் கழித்தாள்.
இரும்புப் பெட்டியின் விலையைக் கழித்தாள்,
பெட்டியைத் தாங்க மரத்தரையை இடித்து
சிமெண்ட் போட்ட செலவு,
ஈரம் உறிஞ்சும் மெஷின் குடித்த கரண்ட்,
காப்பீடு.
பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.
"போட்ட முதல் வந்துவிட்டது.
வட்டியைத்தான் காணோம்.
ராத்திரி ராத்திரி பெட்டியைத் திறந்து
அவர் கண்ணாலேயே தின்றிருக்கிறார்."
காசோலையை மடித்து, கையுறைக்குள் செருகி,
கூரை போடுகிறவனுக்கு ஃபோன் செய்யப் போனாள்.

யாரும் கை தூக்காமல் கிடந்த பதினேழை
நான் எடுத்துக்கொண்டேன். நூற்றறுபது டாலர்.
வீட்டில் ஏற்கெனவே பதினொன்று.
எல்லாம் தெரிந்தவன் நான்;
சீட்டு எழுதியதே நான்.

சாப்பாட்டு மேசையில் என் நோட்டைப் பிரித்தேன்.
தேதி போட்டேன். காசு போட்டேன்.
அடுத்த பத்தியில் கை கொஞ்சம் நின்றது.
பிறகு எழுதினேன்,
இருநூற்றுப் பத்து.

பென்சிலால்தான்.